பதினாறு வரிசை

உயிரினப் பெயரிடு நிலையத்தின் விசாரணை ஜன்னல் பத்து மணிக்குத் திறக்கும் என்று பலகையில் எழுதியிருந்தது. பத்து இருபதுக்குத் திறந்தது. வெளியே ஒரு குழாய்க்காரர், ஒரு குழாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். மூன்றடி நீளம், இரண்டங்குல அகலம், இரண்டு முனையிலும் மரை வைத்த மூடி. குழாய்க்காரர் கையில் குழாய் இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. அதற்குள் ஒரு பாம்பு உயிரோடு இருந்தது, அவ்வளவுதான்.

"என்ன வேணும்?" என்றார் குமாஸ்தா.

"இதோட பேரு வேணும் சார். எம் பொண்டாட்டியைக் கடிச்சிருச்சு. பேரை எழுதி வாங்கிட்டு வரச் சொல்லி ஆஸ்பத்திரியில அனுப்பியிருக்காங்க."

குமாஸ்தா ஒரு படிவத்தை நீட்டினார். "மொதக் கட்டத்தை நிரப்புங்க."

முதல் கட்டத்தில் 'உயிரினத்தின் பெயர்' என்று இருந்தது.

"அதைக் கேக்கத்தானே சார் வந்திருக்கேன்?"

"அதை நிரப்பாம உள்ள விட முடியாதே."

குழாய்க்காரர் 'வளையன்' என்று எழுதினார். கறுப்பு உடம்பில் வெள்ளை வளையம் போட்ட அந்தப் பாம்பைப் பிறந்ததிலிருந்து அவர் அப்படித்தான் சொல்லிவருகிறார். குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது தெருப்பேரு."

"தெருவுலதான் சார் கடிச்சுது."

"'தெரியாது'ன்னும் எழுதிடாதீங்க. அப்புறம் புது உயிரினம்னு ஆயிடும். அதுக்கு வேற ஜன்னல், வேற நாள்."

கடைசியில் அவரே இரக்கப்பட்டு 'பெயர் கோரப்படும் பெயருடைய உயிரினம்' என்று எழுதிக்கொண்டு டோக்கன் கொடுத்தார். நிலையத்தில் அன்று நடந்த கடைசிக் கருணைச் செயல் அதுதான் என்று குழாய்க்காரர் நினைத்துக்கொண்டார். அது தவறு என்று பிறகு தெரிந்தது.

பாம்பு கடித்தது காலை ஒன்பதரைக்கு. குழாய்க்காரர் வீட்டு வாசலில் தண்ணீர் மீட்டர் இருக்கும் குழியில் மூன்று நாளாகக் கசிவு. ஊரில் உள்ள கசிவையெல்லாம் அடைக்கிறவருக்குத் தன் வீட்டுக் கசிவை அடைக்க நேரமில்லை. அவர் மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள், எதையும் பாதியில் விட்டு வைக்கத் தெரியாதவள். பொறுத்துப் பார்த்துவிட்டு வால்வை மூடத் தானே குழிக்குள் கையை விட்டாள். எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது என்றாள். கடித்தது வெளியே வந்து, பக்கத்தில் கிடந்த துண்டுக் குழாய்க்குள் நுழைந்துகொண்டது. குழாய்க்காரர் அப்போது மட்டும் தாமதிக்கவில்லை. இரண்டு பக்கமும் மூடியைப் போட்டுத் திருகிவிட்டார்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா குழாயின் ஓரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார். "வளையன்தான். மருந்தும் இருக்கு. ஆனா ஒரு சிக்கல். போன மாசம் பெயரிடு நிலையத்துல கூட்டம் போட்டு, இந்தப் பாம்போட பேரை ரத்து பண்ணிட்டாங்க. ஒரு பாம்பை ரெண்டு பாம்பாப் பிரிச்சிட்டாங்களாம். ரெண்டுக்கும் புதுப்பேரு. மருந்துப் பெட்டி மேல பழைய பேரு இருக்கு. கம்ப்யூட்டர்ல அடிச்சா 'இப்படி ஒரு பாம்பு இல்லை'ன்னு சொல்லுது. அது சரின்னாத்தான் மருந்து அலமாரி திறக்கும்."

குழாய்க்காரர் தன் பையிலிருந்த ரெஞ்சைப் பார்த்தார்.

"வேண்டாம்," என்றார் டாக்டரம்மா. "உடைச்சா குளிர் நின்னு மருந்து கெட்டுடும். நானும் அதைத்தான் முதல்ல யோசிச்சேன். நீங்க போயி, இது பழைய பேருள்ள அதே பாம்புதான்னு ஒரு சான்று வாங்கிட்டு வாங்க. சான்று நம்பர் கிடைச்சாலே போதும். மூச்சு மெஷின் இங்க ஒண்ணுதான், அதுல வேற ஆள் இருக்கார். ரெண்டு மணிக்குள்ள வேணும்."

மனைவி கட்டிலில் படுத்தபடியே சொன்னாள்: "ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில விழுந்துச்சாம். போயிட்டு வாங்க. வரும்போது அந்த லீக்கையும் அடைச்சுட்டு வாங்க."

அவள் தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு அவர் கிளம்பினார்.

நிலையத்தின் உள்ளே நீளமான நடை. இரண்டு பக்கமும் கண்ணாடிப் பாட்டில்கள், கூரைவரை. தவளை, தேள், ஓணான், மீன் எல்லாம் மஞ்சள் ஸ்பிரிட்டில் ஊறிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தபடி இருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு. ஓர் அம்மாள் ஏணியில் நின்று, ஸ்பிரிட் குறைந்த பாட்டில்களுக்குப் புனல் வைத்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

பதினொன்றரைக்கு மச்சினன் போன் பண்ணினான். "மாமா, அக்கா பேசணுங்கறா."

"என்னங்க, இங்க ரெண்டு டாக்டர் நிக்கறாங்க," என்றாள் மனைவி. "ஒரே மாதிரி புடவை, ஒரே மாதிரி மூக்குக்கண்ணாடி. ஒருத்தரே போதும்னு சொல்லுங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்து பில்லு போட்டுடப் போறாங்க."

அங்கே ஒரே டாக்டர்தான் என்று மச்சினன் தாழ்ந்த குரலில் சொன்னான். கண் இமை ஒரு பக்கம் இறங்க ஆரம்பித்துவிட்டதாம்.

குழாய்க்காரர் எழுந்து ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். பாட்டில் அம்மாள் ஏணியிலிருந்து இறங்கிவந்தார்.

"சும்மா நடக்காதீங்க, தரை ஈரம். எந்தக் குழுவுக்கு டோக்கன்?"

"பாம்புக் குழுவுக்கும்மா."

"அடப் பாவமே. அதுல ரெண்டு நிபுணர். ஒருத்தர் பிரிக்கிறவர். ஒரு செதில் கூடுதலா இருந்தா அது வேற பாம்பும்பார். இன்னொருத்தர் சேர்க்கிறவர். விட்டா பாம்பையும் தாம்புக்கயித்தையும் ஒண்ணுன்னு சொல்லிடுவார். ரெண்டு பேரும் ஒரே பேரைச் சொன்னாத்தான் சான்று. இருபது வருஷமா சொன்னதில்ல."

"அப்போ போன மாசம் மட்டும் எப்படிப் பிரிச்சாங்க?"

"சேர்க்கிறவர் பல்வலின்னு லீவு. அன்னைக்குப் பார்த்துக் கூட்டம் போட்டாங்க."

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கீழ்த்தட்டில் சிவப்புச் சீட்டு ஒட்டிய ஒரு பாட்டிலைக் காட்டினார். உள்ளே வெளிறிப்போன ஒரு வளையன் சுருண்டு கிடந்தது.

"இதுதான் மூலப் பாம்பு. முதமுதல்ல இதைப் பார்த்துத்தான் பேரு வெச்சாங்களாம். எந்தப் பாம்பு வந்தாலும் இதோட வெச்சுத்தான் ஒப்பிடணும். புஸ்தகத்துல இதுக்குப் பதினஞ்சு வரிசைச் செதில்னு போட்டிருக்கு. எண்ணிப் பார்த்தா பதினேழு. அந்த ரெண்டு வரிசைக்குத்தான் இருபது வருஷச் சண்டை, புதுசா ரெண்டு பேரு, எல்லாம்."

"ஏன் கூடுச்சு?"

"பழைய பாட்டில் என் கை தவறி உடைஞ்சுபோச்சுங்க. பாம்பு பொடிப்பொடியாப் போச்சு. பின்பக்கத் தோட்டத்துல செத்துக்கிடந்த ஒண்ணை எடுத்துப் போட்டுச் சீட்டைக் கட்டிட்டேன். அப்பவே சொன்னேன். யாரும் காதுல வாங்கல."

அப்படியானால் குழாய்க்காரரின் மனைவிக்கும் மருந்துக்கும் நடுவில் நிற்பது ஒரு கைதவறிய பாட்டில். "இதை நீங்க உள்ள வந்து சொல்லணும்மா," என்றார்.

"சொல்றேன். எனக்கென்ன போச்சு? இந்த மாசத்தோட ஓய்வு."

பன்னிரண்டே முக்காலுக்கு டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

நீள மேசையின் ஒரு முனையில் பிரிக்கிறவர், மறு முனையில் சேர்க்கிறவர், நடுவில் இயக்குநர். மூலையில் நம் குமாஸ்தா, நடவடிக்கைக் குறிப்பு எழுத உட்கார்ந்திருந்தார். குழாய்க்காரர் மேசைமேல் குழாயை வைத்தார். மூவரும் நாற்காலியை அரையடி பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்கள்.

"உயிரோட இருக்கா?" என்றார் இயக்குநர் முகம் சுளித்து. "உயிரோட இருக்கற உயிரினத்தை ஆராயறது ரொம்பக் கஷ்டம். போட்டோ இருக்கா?"

பாம்பு குழியை விட்டு வெளியே வந்தபோது மச்சினன் எடுத்த படம் இருந்தது. அதைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டினார்கள். இரண்டு நிபுணர்களும் ஆளுக்கொரு குச்சியால் செதில் வரிசையை எண்ணினார்கள். இருபது நிமிடம் எண்ணினார்கள்.

"பதினாறு," என்றார் பிரிக்கிறவர்.

"பதினாறு இருக்கக் கூடாது," என்றார் சேர்க்கிறவர். "புஸ்தகத்துல பதினஞ்சு இருக்கு, பாட்டில்ல பதினேழு இருக்கு. பதினாறுன்னு ஒண்ணு கிடையாது. பாம்பு தப்பு பண்ணியிருக்கு."

"பாம்பு தப்பு பண்ணாது. இது மூணாவது பாம்பு."

"என் பிணத்து மேலதான் மூணாவது பாம்பு!"

"அதுக்கும் தனிப்பேரு வெச்சுடலாம்."

பாட்டில் அம்மாள் கதவருகிலிருந்து சொன்னார்: "ஐயா, அந்த மூலப் பாம்பு மூலமே இல்ல. நான் மாத்திப் போட்டது. பதினஞ்சோ, பதினாறோ, பதினேழோ, எல்லாம் இந்தத் தோட்டத்து வளையன்தான். மனுஷனுக்குப் பல்லு முப்பத்திரண்டும் இருக்கும், முப்பதும் இருக்கும். அதுக்காக ரெண்டு சாதியா?"

குழாய்க்காரர் இயக்குநரைப் பார்த்தார்.

இயக்குநர் புன்னகைத்தார். "தெரியும்மா. எட்டு வருஷம் முன்னாடியே எனக்குத் தெரியும். ஆனா நிலையம்னு ஒண்ணு எப்படி நடக்குது? பாம்பு மாறும், பாட்டில் உடையும், ஆளு ஓய்வு பெறுவான். சீட்டு மாறாது. எது மேல சிவப்புச் சீட்டு இருக்கோ அதுதான் மூலம். நாளைக்கு அந்தப் பாட்டில்ல ஒரு பெல்ட்டைச் சுருட்டிப் போட்டு வெச்சாலும், உலகத்துல இருக்கற பாம்பெல்லாம் அந்தப் பெல்ட்டோடதான் ஒத்துப்போகணும். இதுக்குப் பேருதான் ஒழுங்கு."

பிறகு குழாய்க்காரர் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் உண்மையான பூரிப்பு இருந்தது.

"நண்பரே, நீங்க எவ்வளவு கொடுத்துவெச்சவர்னு உங்களுக்கே தெரியல. புது உயிரினத்தைக் குழாயில அடைச்சுக் கொண்டுவந்திருக்கீங்க! வாழ்த்துகள்."

"ஐயா, புதுசெல்லாம் வேண்டாங்க," என்றார் குழாய்க்காரர். கை கூப்பியே சொன்னார். "இது பழசுதாங்க. ரொம்பச் சாதாரணப் பாம்பு. எங்க தெருவுல எல்லா வீட்டுக் குழியிலயும் இருக்குது. புதுசுன்னு சொன்னீங்கன்னா மருந்து கிடைக்காது. அவ செத்துருவா."

"புரியுது, புரியுது. அவங்க தியாகம் வீண் போகாது. அவங்க பேரையே இதுக்கு வெச்சிடலாம். ஒரே ஒரு சங்கடம்." இயக்குநர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "உயிரோட இருக்கறவங்க பேரை வைக்க விதியில இடமில்ல. இப்ப அவங்க நிலைமை எப்படி?"

இந்தக் கேள்வியை அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. குறிப்பேட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தது, அதனால் கேட்டார்.

அப்போது போன் அடித்தது. மணி ஒன்று முப்பத்தைந்து. மறுமுனையில் மனைவி ஏதோ சொன்னாள். வாய் நிறையத் துணியை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது.

"என்னம்மா? புரியலயே!"

"எனக்கும் புரியல மாமா," என்றான் மச்சினன். அவன் அழுதுகொண்டிருந்தான். "ரெண்டு கண்ணும் மூடிக்கிச்சு. கையைத் தூக்கச் சொன்னா தூக்க முடியல. மூச்சு மேல மேல வாங்குது. சீக்கிரம் மாமா."

குழாய்க்காரர் போனைச் சட்டைப்பையில் போட்டார். அவருக்குக் கோபம் வந்தது. இருபத்தைந்து வருடத் தொழிலில் எந்த வீட்டு எஜமானியிடமும் வராத கோபம். ஆனாலும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"ஐயா, போட்டோவை வெச்சுச் சொல்றது செல்லுமா?"

"நல்ல கேள்வி," என்றார் இயக்குநர். "செல்லாது. விதி பதினொண்ணு, குழு நேர்ல பார்த்துத்தான் பேரு சொல்லணும். பாம்பைக் கொன்னு, ஸ்பிரிட்ல மூணு நாள் ஊறப்போட்டு..."

"கொன்னுதான் பார்க்கணும்னு இருக்கா, பார்க்கணும்னு மட்டும் இருக்கா?"

குமாஸ்தா புத்தகத்தைப் பார்த்தார். "பார்க்கணும்னு மட்டும்தான் இருக்கு."

"அப்போ பாருங்க," என்று சொல்லிவிட்டுக் குழாய்க்காரர் மூடியைத் திருக ஆரம்பித்தார்.

அந்த அளவு மூடிக்கு ஏழு சுற்று. முதல் இரண்டு சுற்றில் யாரும் கவனிக்கவில்லை. நிபுணர்கள் பதினாறை வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது சுற்றில் மரை கிறீச்சிட்டது. நான்காவதில் பேச்சு நின்றது.

"என்னய்யா பண்றே?" என்றார் இயக்குநர். 'நண்பரே' என்ற அழைப்பு போய்விட்டது.

ஐந்தாவது சுற்று.

"கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது!"

"தீர்மானம் போடாம ஒத்திவைக்க முடியாதுங்க," என்றார் குமாஸ்தா எழுதிக்கொண்டே. "விதி ஆறு."

ஆறாவது சுற்றில் குழாய்க்காரரின் விரல் வழுக்கியது. வியர்வை. துடைத்துக்கொண்டார். தன்னையே கடித்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு கணம் நினைத்தார். ஒரு சான்றில் இரண்டு பேருக்கு மருந்து தருவார்களா என்றும் நினைத்தார். பிறகு ஏழாவது சுற்றையும் சுற்றினார். மூடி கையோடு வந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. குழாயின் வாய் இருட்டாக இருந்தது. நிபுணர்கள் இருவரும் தங்களை அறியாமல் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்கள்.

கறுப்பாக ஒரு தலை வெளியே வந்தது. நாக்கை ஒரு தடவை நீட்டிப் பார்த்தது. பிறகு உடம்பு, ஒரு வெள்ளை வளையம், இன்னொரு வளையம், மேசையின் மேல்.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். நிபுணர் குழு படையைவிடச் சிறியது. இயக்குநர் ஜன்னல் விளிம்பில் ஏறினார். பிரிக்கிறவரும் சேர்க்கிறவரும் ஒரே புத்தக அலமாரியில், ஒரே தட்டில், ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு தொங்கினார்கள். இருவர் வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒரே சத்தம் வந்தது.

"ஐயோ வளையன்! வளையன்!"

இருபது வருடத்தில் இருவரும் ஒரே பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பாட்டில் அம்மாள் ஓர் அகலவாய்ப் பாட்டிலைத் துணியால் சுற்றிப் பாம்பின் முன்னால் படுக்க வைத்தார். இருட்டைக் கண்டதும் அது தானாகவே உள்ளே போய்ச் சுருண்டுகொண்டது. மூடியைத் திருகினார். இரண்டே சுற்று.

குமாஸ்தா நாற்காலியின் மேல் நின்றபடி எழுதிக்கொண்டிருந்தார். எழுதியதைப் படித்தார்: "குழு உறுப்பினர் இருவரும் உயிரினத்தை நேரில் பார்த்து, ஒருமித்த குரலில், இரண்டு முறை, வளையன் என்று அடையாளம் கூறினர்."

"அது தெருப்பேருய்யா!" என்றார் ஜன்னலிலிருந்து இயக்குநர்.

"நம்ம முதல் பதிவேட்டுல இருக்குங்க. பொதுப்பெயர் வளையன், அதுக்கு நேரா பழைய லத்தீன் பேரு. அதை யாரும் கோடு போட்டு அடிக்கல."

"நாங்க அலமாரி மேல இருந்து சொன்னது எப்படிச் செல்லும்?"

"விதி மூணு. குழு ஒருமிச்சா உடனே சான்று தரணும். எங்க உக்காந்து ஒருமிக்கணும்னு விதியில இல்லீங்க." இருபது வருடமாகத் திறக்காத மைப்பெட்டியைத் திறந்து, முத்திரையில் எச்சில் தொட்டுக் குத்தினார். "சான்று எண் நாலாயிரத்து நானூத்திப் பதினேழு."

மணி ஒன்று நாற்பத்தெட்டு.

"மாப்ள, எழுதிக்கோ!" என்று குழாய்க்காரர் போனில் கத்தினார்.

"பேனா இல்ல மாமா!"

"நகத்தால கையில கீறுடா! நாலு, நாலு, ஒண்ணு, ஏழு!"

மறுமுனையில் ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ விசைப்பலகையைத் தட்டினார்கள். ஒரு நீண்ட அமைதி. அதற்குள் குழாய்க்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, டக் என்று ஒரு பூட்டு திறக்கும் சத்தம். அவர் குழந்தை மாதிரி அழுதார். பாட்டில் அம்மாள் புனலைக் கீழே வைத்துவிட்டு அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

மனைவி பிழைத்துக்கொண்டாள். இடது இமை மட்டும் பல வாரம் பாதி இறங்கியே இருந்தது. ஊசியில் நூல் கோர்க்கும்போது அதை விரலால் தூக்கிப் பிடித்துக்கொள்வாள்.

மூன்றாம் மாதம் நிலையத்திலிருந்து ஒரு கனமான உறை வந்தது. உள்ளே வழவழப்பான இதழ், அட்டையில் அந்தப் பாம்பு. வீட்டுக்கு வந்திருந்த டாக்டரம்மா படித்துச் சொன்னார். பதினாறு வரிசைச் செதிலோடு புது இனம். இயக்குநரின் காலஞ்சென்ற மாமனார் பெயர் வைத்திருந்தார்கள். கண்டெடுத்த இடம்: ஒரு குழாய். கண்டெடுத்தவர் பெயர் இல்லை. கடைசிப் பத்தியில், "இவ்வினம் மனிதரைக் கடித்ததாக இதுவரை பதிவு எதுவும் இல்லை. ஆபத்தற்றது. மருந்து தேவையில்லை."

மனைவி இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படத்தைப் பார்த்தாள். "அப்போ என்னைக் கடிச்சது யாரு?"

"உங்களைக் கடிச்சது பழைய பேர்ல பதிவாயிருக்கும்மா," என்றார் டாக்டரம்மா. "இந்தப் புதுப்பேர்ல இது யாரையும் கடிக்கல. புதுப் பட்டியல் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டருக்கும் வந்துடுச்சு. ஆனா உங்க சான்றை ரத்து பண்ண மறந்துட்டாங்க. அந்த நம்பரை அடிச்சா அலமாரி இன்னும் திறக்குது."

குழாய்க்காரர் எழுந்தார். முதலில் மீட்டர் குழியில் இறங்கிக் கசிவை அடைத்தார். பிறகு குழாய்க்கு அடிக்கிற சிவப்பு வண்ண டப்பாவைத் திறந்து, குழிக்கு மேலே சுவரில் எழுதினார். எழுதிவிட்டுப் பக்கத்து வீட்டுக் குழிக்குப் போனார், அதற்கடுத்த வீட்டுக்கும் போனார். பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்க ஒரே வாசகம்:

இங்கே வளையன் உண்டு. கடித்தால் 4417 என்று சொல்லவும். நிலையத்தின் அடுத்த கூட்டம் வரை செல்லும்.